மணிக்குப் பதினைந்து டிகிரி

ஜிஸ்லேன் மதாமைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒரே ஒரு சுவர்தான் என்று சொல்வேன். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் நான் ஸ்டோர் கீப்பர். இயற்பியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நடைபாதை முடியும் கோடியில் அவருடைய அறை. அதை ஒட்டி என் ஸ்டோர். நடுவில் ஒரு செங்கல் சுவர். இரண்டு வருஷத்துக்கு மேல் சுவருக்கு இந்தப் பக்கம் நான் பீக்கர்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவர், செயற்கைக்கோளில் ஏறப்போகும் ஒரு கருவியின் மாதிரியோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

அறைக் கதவில் கதிரியக்க எச்சரிக்கை மஞ்சள் அட்டை தொங்கும். உள்ளே இருந்தது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கதிரியக்க வில்லை. ஈயப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஆனாலும் அட்டையைப் பார்த்தே ஜனங்கள் பாதை மாறிப் போனார்கள். பெருக்க வருகிற அஞ்சலாட்சி கூட வாசலோடு துடைப்பத்தை நிறுத்திக்கொள்வாள். உள்ளே மதாமே பெருக்கிக்கொள்வார். நானும் வாசலோடு சரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கணவர் தொமினிக் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். 2001இல் தவறிப்போனார். ஒரே மகள் லேயா லியோன் நகரத்தில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். மதாமிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. நினைத்த நாளில் விமானம் ஏறலாம். ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்று மகளிடம் அவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார். அரியாங்குப்பத்தில் தனி வீடு. காலையில் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டி வருவார், ஒன்பது மணிக்கு அறையைத் திறப்பார், ஐந்தரைக்குப் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாக வாட்ச்மேன் சொல்வான். பெரிய படிப்பு கிடையாது. பி.எஸ்சி. முடித்து இருபத்தைந்து வருஷம் ஆய்வகத்தில் கம்பியும் திருகாணியுமாகக் கழித்தவர். எங்கள் பேராசிரியர் பலராமன், பெங்களூர் விஞ்ஞானிகளோடு சேர்ந்து இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, கை நடுங்காத ஆள் வேண்டும் என்று முதலில் கேட்டது இவரைத்தான்.

எக்ஸ்ரே என்றால் கை உடைந்தால் எடுக்கிற சமாச்சாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வானத்திலிருந்தும் அது வருகிறதாம். செத்துப்போன நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்து கிளம்பி வருகிறதாம். நம் தலைக்கு மேலே இருக்கிற காற்று அதைக் கீழே விடாது, அதனால்தான் மேலே போய் அளக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் வாசலில் நின்றபடியே, அப்படி என்னதான் அளப்பீர்கள் என்று கேட்டுவைத்தேன். மதாம் துணி காயப்போடும் கொடியைச் சொன்னார். கொடியின் ஒரு முனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். கயிற்றில் ஓடுவது அலைதான், ஆனால் ஆட்டம் வேறு. எக்ஸ் கதிரும் அலைதான். ஒரு நட்சத்திரத்திலிருந்து வருவதெல்லாம் ஒரே திசையில் ஆடிக்கொண்டு வருகிறதா, ஆளுக்கொரு பக்கம் ஆடுகிறதா என்று தெரிந்துவிட்டால், அது கிளம்பிய இடத்தில் காந்தப்புலம் எப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாமாம்.

கருவி பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு பெரிலியம் என்ற உலோகத்தில் ஒரு வட்டு. பக்கத்தில் ஒரு தட்டைப் பெட்டி, அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள், வாயு நிரம்பிய இடத்தில் வரிசையாக இழுத்துக் கட்டியிருக்கும். மேலே போகும் கருவியில் நாலு பக்கமும் பெட்டி வருமாம். மதாமிடம் இருந்த மாதிரியில் ஒரு பக்கம் மட்டும்தான். கதிர் வட்டில் பட்டு, தான் ஆடும் திசைக்குக் குறுக்காகத்தான் அதிகம் தெறிக்கும். தெறித்து வந்ததைக் கம்பிகள் எண்ணிச் சொல்லும். கருவியை மெல்லச் சுழற்றிக்கொண்டே எண்ணினால், ஒரு முழுச் சுற்றுக்குள் எண்ணிக்கை இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கும். அந்த இரண்டு மேடு வந்தால், கதிர் ஒரே திசையில் ஆடுகிறது என்று அர்த்தம். அந்தக் கம்பிகள் முப்பத்தாறையும் மதாம் தன் கையால் கட்டினார். கட்டி முடிக்க நாலு மாதம் ஆனது. நாலு மாதமும் மின்விசிறி போடாமல் உட்கார்ந்திருந்தார்.

கட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. கருவி தானாகவே பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பொத்தான் வில்லையிலிருந்து வரும் கதிருக்குத் திசை என்று ஒன்றும் கிடையாது. அதைக் காட்டிச் சுழற்றினால் மேடே வரக்கூடாது, நேர்கோடுதான் வர வேண்டும். மாதக்கணக்கில் சுழற்றிச் சுழற்றி அந்த நேர்கோட்டைக் காட்டினால்தான் பெங்களூர்க்காரர்கள் கருவியை நம்புவார்கள்.

மதாம் ஒற்றை ஆள். மாற்றிவிட யாரும் இல்லை. அதனால் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். கருவி இருந்த மேசையை மோட்டாரில் பூட்டி, மணிக்குப் பதினைந்து டிகிரி திரும்பும்படி வைத்தார். இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு முழுச் சுற்று. நள்ளிரவுக்குப் பூஜ்யம், காலை ஆறுக்குத் தொண்ணூறு, பகல் பன்னிரண்டுக்கு நூற்றெண்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலே கருவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். அவர் வீட்டில் இருக்கும்போதும் எண்ணிக்கை தானாகக் காகிதச் சுருளில் அச்சாகிக்கொண்டிருக்கும். எனக்கு அதை விளக்கியபோது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. மீன் குழம்பு கொதிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, இப்போது அது முந்நூறில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன் என்றார். வீட்டில் துணைக்கு ஆள் இருப்பதுபோல இருக்கிறது என்றும் சொன்னார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

2004 ஜூனில் சுழல ஆரம்பித்தது. நேர்கோடு வரவில்லை. அறுபது டிகிரியில் ஒரு மேடு, இருநூற்று நாற்பதில் ஒரு மேடு. சின்ன மேடுதான், நூற்றுக்கு ஒன்று கூடத் தேறாது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் வந்து நின்றது. நட்சத்திரம் காட்ட வேண்டிய அதே இரண்டு மேட்டை, ஒன்றுமில்லாத வில்லையிடம் கருவி காட்டியது. மேசை மட்டம் சரியில்லையோ என்று சரிசெய்து பார்த்தார், மேடு போகவில்லை. வில்லையை மாற்றி வைத்தார். ஏ.சி.யைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். கடைசியில் பெட்டியைத் திறந்து பன்னிரண்டு கம்பிகளை அறுத்து மறுபடி கட்டினார். மேடு அசையவில்லை.

2006 பிப்ரவரியில் கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் எனக்குத் தெரிந்து முந்திரி பிஸ்கட் வாங்குவதும், கைகழுவத் துண்டு வைப்பதும்தான். அன்றைக்கு மட்டும் கதவோரம் நின்று கேட்டேன். கையால் கட்டிய கம்பி, இழுவை ஒரே சீராக இருக்காது, அதுதான் பொய்க்குக் காரணம் என்று ஒருவர் வாயில் பிஸ்கட்டோடு சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மதாம் அந்த அறையிலேயேதான், சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த ஆளின் பிஸ்கட் தட்டைப் பிடுங்க வேண்டும் போல வந்தது. பலராமன் சார் எப்படியோ பேசி ஒரு வருஷம் நீட்டிப்பு வாங்கினார். அந்த ஒரு வருஷத்துக்குள் கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும்.

அதற்கப்புறம் மதாம் என்னோடு பேசுவதும் குறைந்தது. காலை வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார். மதியம் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி காகிதச் சுருளையே பார்த்துக்கொண்டிருப்பார். லேயா போன் செய்தால், நல்லாயிருக்கேன் என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிடுவார். சுவர் வழியாக எல்லாம் கேட்கும்.

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, வாயு சிலிண்டர் காலியாகிவிட்டது என்று ஸ்டோருக்கு வந்தார். அந்த வாயு ஒரு பக்கம் பெட்டிக்குள் நுழைந்து, மறுபக்கம் குழாய் வழியாக அறைக் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். மாதம் ஒரு சிலிண்டர் ஆகும். நான் அப்போது பாரோகிராஃபில் காகிதம் மாற்றிக்கொண்டிருந்தேன். காற்றழுத்தத்தை வாரம் முழுக்க ஊதா மையில் தானாக வரைகிற கருவி அது. புவியியல் துறையை மூடியபோது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் நான் எட்டு வருஷமாகக் காகிதம் மாற்றி, பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அரசு வேலை அப்படித்தான்.

மதாம் மேசைமேல் கிடந்த போன வாரத் தாளைப் பார்த்தார். கையில் எடுத்தார். பிரெஞ்சு வழக்கப்படி என்னை மிஸ்யே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

"மிஸ்யே முருகையன், இது என்னா கோடு?"

"காத்து அழுத்தம், மதாம்."

"ஏன் இப்படி அலை அலையா இருக்கு?"

"தெனமும் அப்படித்தான். காலைல பத்து மணிக்கு ஏறும், சாயங்காலம் நாலுக்கு எறங்கும். ராத்திரி பத்துக்கு மறுபடி ஏறும், விடியக்காலம் நாலுக்கு எறங்கும். புயல் வந்தாதான் தாறுமாறாப் போவும்."

"தெனமுமா?"

"எட்டு வருஷத்துத் தாளு இருக்கு. வேணும்னா பாருங்க."

அவர் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் என் ஸ்டோரில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். தன் பையிலிருந்து காகிதச் சுருளை எடுத்துத் தாளின் பக்கத்தில் விரித்தார். என் கோட்டில் பள்ளம் இருந்த இடத்தில் அவர் கோட்டில் மேடு இருந்தது. விடியற்காலை நாலு மணி என்றால் அவருக்கு அறுபது டிகிரி. சாயங்காலம் நாலு மணி இருநூற்று நாற்பது. எனக்கே புரிந்தது, அவ்வளவு பளிச்சென்று இருந்தது. வெளியே காற்றழுத்தம் குறையும்போது பெட்டிக்குள் வாயு லேசாகும், கம்பிகள் கொஞ்சம் கூடுதலாக எண்ணும். ஏறும்போது குறைத்து எண்ணும். நாளுக்கு இரண்டு தரம் காற்று ஏறி இறங்கியதை, சுற்றுக்கு இரண்டு தரம் என்று அவருடைய மேசை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு சுற்றும் ஒரு நாளும் ஒன்றாக இருந்ததுதான் வினை.

"கம்பியில ஒண்ணும் இல்ல," என்றார். சுருளைச் சுருட்டிக்கொண்டே, "நான்தான். மணியோட சேத்துக் கட்டினது நான்தானே," என்றார்.

"காத்து பண்ண வேலைக்கு நீங்க என்ன மதாம் செய்வீங்க?"

"காத்து பாட்டுக்கு அது வேலையப் பாத்துச்சு."

அவர் போனதும் பழைய தாள் கட்டுகளை இறக்கிப் பார்த்தேன். விடை எட்டு வருஷமாக என் அலமாரியில் இருந்திருக்கிறது. ஏதாவது ஒருநாள் உள்ளே போய், மதாம் எப்படிப் போகிறது வேலை என்று கேட்டு, அரை மணி உட்கார்ந்திருந்தால், பேச்சுவாக்கில் பாரோகிராஃப் வந்திருக்காதா? மஞ்சள் அட்டைக்குப் பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. தனியாக இருக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்தால் எழுந்து வருவது கஷ்டம், அதற்கும் பயந்தேன்.

அன்றைக்கே அவர் மோட்டாரை மாற்றினார். நாளுக்கு ஒரு தரம் திரும்பிக்கொண்டிருந்தது இப்போது நாற்பத்தோரு நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பியது. சுற்றுக்கும் நாளுக்கும் சம்பந்தம் அறுந்தது. பத்து நாள் ஓடவிட்டு எல்லாவற்றையும் கூட்டிப் போட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், நான் முதல்முறையாக அந்த அறைக்குள் போனேன். கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தது.

"சாருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் எண்ணட்டும் என்பார். மூன்றாவது தரம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கருவி நல்லது என்று தெரிந்த மறுநாளே அது பெங்களூர் போய்விடும். அடுத்த சோதனையெல்லாம் அங்கேதான். மதாம் திட்டத்துக்காக எடுத்த தற்காலிக ஊழியர், அவரைக் கூட அழைத்துப்போகும் பேச்சே கிடையாது. கருவியில் கோளாறு என்று இருக்கிற வரைக்கும் அது இந்த அறையில் இருக்கும். நீட்டிப்பில் இன்னும் ஆறு மாதம் மீதி இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். அந்த மூன்று வாரம் அவர் முகம் தெளிவாக இருந்தது. வாசலில் என்னைப் பார்த்தால் சிரித்தார். பாடுபட்டுத் தேடினதைக் கண்டுபிடித்துவிட்டு, அதோடு சேர்ந்து யாருக்கும் தெரியாமல் குடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் பலராமன் சார் என்னிடம் வந்து, டூல்பாக்ஸ் எடுத்துக்கொண்டு வா என்றார். பெங்களூரில் இயந்திரத்தில் கட்டிய புதுக் கம்பிச் சட்டம் வந்துவிட்டது, பழைய கம்பிகளை அறுத்து எடுத்துவிட்டு அதை மாட்டப் போகிறோம் என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மதாம் மேசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க மேடம். திறந்துரலாம்," என்றார் சார்.

மதாம் நகரவில்லை. கருவியைப் பார்த்தார், என் கையிலிருந்த டூல்பாக்ஸைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை என்றால் கம்பி போகும், கருவி இருக்கும். திறந்தால் கம்பி இருக்கும், கருவி போய்விடும். 

"அதத் தொடாதீங்க சார்," என்றார். "அதுல ஒரு தப்பும் இல்ல."

இழுப்பறையிலிருந்து அந்த நேர்கோட்டு வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். சார் நின்றபடியே படித்தார், அப்புறம் உட்கார்ந்து படித்தார்.

"இது ஆகஸ்ட் மூணாம் தேதி போட்டது," என்றார். "இன்னிக்கு இருபத்தஞ்சு."

"ஆமா சார்."

"ஏன் மேடம் சொல்லல?"

"சொன்னா எடுத்துட்டுப் போயிடுவீங்க."

பலராமன் சார் நல்ல மனுஷன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, டூல்பாக்ஸை எடுத்துக்கொண்டு போ என்றார்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி வேன் வந்தது. மதாமே கருவியைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் இறக்கினார். மூடி போடும் முன் ஒருமுறை வாயுக் குழாயின் முனையைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பொருள் வெளியே போனாலும் ஸ்டோரில் கேட் பாஸ் போட வேண்டும். என்னிடம் இரண்டு புத்தகம் உண்டு. திரும்பி வரும் பொருளுக்கு ரோஸ் தாள், திரும்பாததற்கு வெள்ளைத் தாள். நான் ரோஸ் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஏதோ ஒரு ஆறுதலுக்குத்தான். மதாம் மேசைக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இல்ல மிஸ்யே," என்றார். "வெள்ளையில எழுதுங்க."

ரோஸ் தாளைக் கிழித்துவிட்டு வெள்ளையில் எழுதினேன். ஒப்படைத்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். வேன் கேட்டைத் தாண்டி விமான நிலையச் சாலையில் திரும்பும் வரை இரண்டு பேரும் படியில் நின்றோம். மணி பத்தரை இருக்கும்.

"முருகையன், டீ குடிக்கப் போலாமா?" என்றார்.

அதுவரைக்கும் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து வேதியியல் துறைக்கு அமிலம் ஏற்றிய லாரி வாசலில் நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். லாரி காத்திருக்கும், அமிலம் ஒன்றும் கெட்டுப்போகாது, அது எனக்குத் தெரியும்.

"பத்து நிமிஷம் மதாம். எறக்கிட்டு வந்துர்றேன்," என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். இறக்கி முடிக்க முக்கால் மணி ஆனது. போய்ப் பார்த்தேன். அறை பூட்டியிருந்தது. கதவில் மஞ்சள் அட்டை இல்லை, சாவி மட்டும் என் மேசையில் ஒரு காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தது. காகிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. அக்டோபரில் மகளிடம் போய்விட்டதாக பலராமன் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இது 2009. அந்தச் செயற்கைக்கோள் இன்னும் மேலே போகவில்லை. இன்னும் சில வருஷம் ஆகும் என்கிறார்கள். மதாம் கட்டிய கம்பிகள் பெங்களூரில் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டன என்று சார் சொன்னார். பக்கத்து அறையில் இப்போது பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறோம். அந்த மனுஷியை நான் இரண்டு தரம் தனியாக விட்டேன். முதல் தரம் தெரியாமல் விட்டேன். இரண்டாம் தரம் தெரிந்தே விட்டேன்.